ஓடைக்குப் பன்னிரண்டு அடி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் பிள்ளைகளும் இங்கே நலம். கோபப்படாமல் கடைசி வரி வரைக்கும் படிக்கும் பொறுமை உங்களுக்கு வாய்க்க வேண்டும் என்ற வேண்டுதலோடு எழுதுகிறேன். வாரம் மூன்று தடவை போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "சிக்னல் சரியில்ல, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். பதினோரு வருடமாக அந்த ஆளுக்கு மட்டும் சிக்னல் கிடைக்கவில்லை. கடிதத்தை அப்படி வெட்ட முடியாது பாருங்கள். தவிர, இதோடு ஒரு தாளும் மடித்து வைத்திருக்கிறேன். அதை இப்போதே பிரிக்காதீர்கள்.

சின்னவளுக்குப் பல்லில் கம்பி கட்டியாயிற்று. சிரிக்க மாட்டேன் என்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகல் நின்றுவிட்டது. உங்கள் பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள், முக்கியமாக இந்தக் கடிதம் வந்த அன்று.

அடுத்த செய்தி, தக்காளி போய்விட்டது. முக்கால்வாசி. பூச்சி விழுந்துவிட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா? பூச்சி இல்லை, நான்தான்.

ஓடையை மீட்கும் குழுவில் நான் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். மண்ணின் மேல் உள்ள பாசத்தில் சேரவில்லை; சேராவிட்டால் தண்ணீர் முறை கிடைக்காது. வயலுக்கு ஒரு ஈரக்குச்சி நட்டிருக்கிறார்கள். அது மண்ணின் ஈரத்தையும் சூட்டையும் அளந்து எல்லார் போனுக்கும் அனுப்பும். எந்த வயல் அதிகம் காய்ந்திருக்கிறதோ அதற்கு முதலில் வால்வு தானாகத் திறக்கும். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம், கத்த வேண்டாம். கத்தாமல் தண்ணீர் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. நம் வயல் ஒன்பதாவது, பதினோராவது என்றே வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் குச்சியைப் பிடுங்கி, மொட்டைமாடியில் செடி செத்துப்போன தொட்டி ஒன்று கிடந்ததே, அதில் நட்டு வைத்தேன்.

மறுநாள் முப்பத்திரண்டு வயலில் நமக்குத்தான் முதலிடம். நம் குடும்பத்தில் யாரும் எதிலும் முதலிடம் வந்ததில்லை; கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஐந்து நாள் தொடர்ந்து தண்ணீர் பாய்ந்தது. செடிகள் மஞ்சளடித்துத் தலையைத் தொங்கப் போட்டன. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தொட்டியை நிழலிலிருந்து நல்ல வெயிலுக்கு நகர்த்தினேன். உங்களுக்கு வாய்த்தவளின் மூளை இவ்வளவுதான்.

ஆறாம் நாள் உங்கள் அக்கா வந்தார். ஆமாம், அந்தச் சிக்னல் கிடைக்காத ஆள். கழுத்தில் தையல் டேப், கையில் போன். வாசலில் நின்றபடியே, "ஏம்மா, உன் மண்ணு நாப்பத்தெட்டு டிகிரி காட்டுது. வயலுக்கு அடியில அடுப்பு ஏதும் வச்சிருக்கியா?" என்றார். இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி அண்ணி என்றேன். "பக்கத்து வயல் இருபத்தாறுதான் காட்டுது. வெயில் உன் வரப்போட நின்னுடுச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நேரே மாடிப்படி ஏறினார்.

தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டினால் திருப்பிக் கொடுக்கப் பதினோரு வருடத்துக் கதைகளை நான் வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவரோ மண்வெட்டி எங்கே என்று கேட்டார். இரண்டு நாள் என்னோடு வயலில் இறங்கி வடிகால் வெட்டினார். மிச்சமிருக்கும் கால்வாசித் தக்காளி அவர் காப்பாற்றியது. அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் மெருகேற்றி. சிரிப்பு அடங்கியதும் அவர், "இனிமே எல்லாக் குச்சியையும் வாராவாரம் இவதான் பார்க்கணும். எங்கெங்க ஒளிச்சு வைக்கலாம்னு இவளுக்குத்தான் தெரியும்" என்றார். அன்று முதல் நான் அதிகாரி. முதல் வாரமே கோழிக்கூண்டுக்குள் ஒன்று, அடுப்பங்கரைச் சாம்பலில் ஒன்று பிடித்தேன்.

அப்படிச் சுற்றும்போதுதான் ஓடையை முழுக்க நடந்து பார்த்தேன். நீங்கள் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிய சாக்கடை அது. மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் இறங்கித் தூர் வாரியிருக்கிறார்கள். மெத்தை மட்டும் பதினான்கு வந்ததாம். கடைக்காரர் திருட்டுப் போனதாகப் புகார் கொடுத்த ஸ்கூட்டரும் வந்தது. ஓட்டிக்கொண்டு போய் விழுந்தவர் அவரேதான் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். இரண்டு கரையிலும் ஒவ்வொரு வீடும் பன்னிரண்டு அடி விட்டுக் கொடுத்து, கோரையும் மரமுமாக நட்டிருக்கிறார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் அடியில் கிடக்கும் கல் தெரிகிறது. மீன் இருக்கிறது. வயல்களில் வைக்கோலைப் பரப்பி, இடையில் அவரை போட்டு, முன்பு விட்டதில் பாதித் தண்ணீரில் விளைய வைக்கிறார்கள். பூச்சிக்கு மருந்தில்லை, மரத்தில் வந்து உட்காரும் பறவைகள் பார்த்துக்கொள்கின்றன. உங்கள் அக்கா டேப்பைத் தண்ணீரில் விட்டு வாராவாரம் ஆழம் எடுக்கிறார். சட்டை அளவு எழுதும் அதே நோட்டில், ஒரு பக்கம் டாக்டர் வீட்டுக் கல்யாணச் சட்டை, மறுபக்கம் ஓடை. இரண்டுமே வளர்ந்துகொண்டிருக்கின்றன என்று அவரே சொன்னார். அவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

போன மாதம் பால்காரர் டிரோன் விட்டு மேலிருந்து படம் எடுத்தார். முதல் நாள் அதைப் பார்த்து அவர் மாடே கட்டறுத்துக்கொண்டு ஓடியது தனிக்கதை. படத்தைப் பெரிதாக அச்சடித்து நூலகத்து மேஜையில் விரித்தார்கள். ஓடை நெடுகப் பச்சைக் கரை. நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் மொட்டை. யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அது ஓடையோரம் இருக்கும் நம் கீழ்த்துண்டு நிலம்.

சென்ற மழைக்கு அங்கே கரை மூன்றடி சரிந்துவிட்டது. இன்னொரு பெருமழை வந்தால் ஓடை அங்கே திரும்பி, கீழே உள்ள எட்டு வயலையும் நாற்றுக் கொட்டகையையும் அடித்துக்கொண்டு போகும். உங்களிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று பால்காரர் மெல்ல ஆரம்பித்தார். உங்கள் அக்கா, "அது அவன் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கின எடம். யாரும் கேக்கக் கூடாது. மணல் மூட்டை அடுக்கிப் பார்ப்போம்" என்று பேச்சை முடித்துவிட்டார். மூட்டை நிற்காது என்று மற்ற எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் நீங்களும் அக்காவும் பாகம் பிரித்த அன்று நடந்த சண்டையில் எனக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் பின்னால் நின்று, விடாதீங்க, விடாதீங்க என்று ஊதியவள் நான்தான். தண்ணீரைப் பார்த்தபடி வீடு கட்டலாம் என்று அந்தத் துண்டைக் கேட்டீர்கள். அன்று அங்கே தண்ணீர் இல்லை. இன்று தண்ணீர் இருக்கிறது, நீங்கள் இல்லை. பன்னிரண்டு அடி தள்ளி வீடு கட்டினாலும் தண்ணீர் தெரியும். நான் போய் நின்று பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. மழை எப்போது என்று பார்க்கச் சொல்லி அக்கா தன் போனை என் கையில் கொடுத்தார். அதில் இரண்டு ஊரின் வானிலை இருந்தது. ஒன்று நம் ஊர். மற்றது நீங்கள் இருக்கும் ஊர். அங்கே அன்று தூறல். நம் ஊர் மழையை மட்டும் படித்துச் சொன்னேன். அவர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது தாளைப் பிரியுங்கள். பன்னிரண்டு அடியை ஓடைக்கு விடச் சம்மதம் என்று எழுதியிருக்கிறது. குழுவில் இதை நான் வாங்கி உங்களுக்கு அனுப்புவது அக்காவுக்குத் தெரியாது. கரை கட்டும் எந்திரம் இருபதாம் தேதி வருகிறது. அதற்குள் உங்கள் கையெழுத்து வர வேண்டும். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். எதுவானாலும் எனக்குப் பதில் எழுதாதீர்கள். அக்கா பேருக்கு எழுதுங்கள். முகவரி உங்களுக்குத் தெரியும். நீங்கள் பிறந்த வீடுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி