உள்ளாலை திறபடாத கதவு

இஞ்சருங்கோ,

உயிரோடை இருக்கேக்கை உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்பவும் வாய் வருகுதில்லை. இந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பாக்கிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான், அதாலை ஆருக்கு எழுதுறன் எண்டு உங்களுக்கு விளங்கும். வாசிக்கிற மற்ற ஆக்களுக்குச் சொல்லுறன்: இவர் என்ரை மனிசன். தபால் கந்தோரிலை போஸ்ற்மாஸ்ரராய் இருந்து பென்சனிலை வந்தவர். போன மாரியிலை செத்துப்போனார். வாற கிழமை ஆண்டுத் திவசம்.

உங்கடை காரை விக்கப் போறன். விக்கிறதிலை எனக்குப் பிரச்சினை இல்லை. அந்தக் கதவைப் பற்றியும், நீங்கள் அதுக்குள்ளை கிடந்து செத்ததைப் பற்றியும் வாங்க வாற ஆக்களுக்குச் சொல்லுறதோ, விடுறதோ? இதிலை கொழுவுப்பட்டு உங்கடை தம்பியும் நானும் இப்ப முகம் பாத்துக் கதைக்கிறேல்லை.

மற்ற ஆம்பிளையள் பென்சன் எடுத்தால் கோயில் நிர்வாகத்துக்குப் போவினம், இல்லாட்டி வாழை நடுவினம். நீங்கள் கொழும்புக்குப் போய், துணிக்கூரை மடிக்கிற ரெண்டு சீற்றுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்டோடை அச்சுவேலியிலை வந்து இறங்கினியள். ஒழுங்கைப் பிள்ளையள் அதுக்கு 'மொட்டைக் கார்' எண்டு பேர் வைச்சுதுகள். "என்ன, விசர் பிடிச்சிட்டுதே உங்களுக்கு?" எண்டு கேட்டன். "ஏறும் பாப்பம்" எண்டியள். பருத்தித்துறை வரைக்கும் போனம். தலைமயிர் குழம்பி, வாயெல்லாம் மண். ஆனா நல்ல சோக்காய் இருந்துது, அதை அண்டைக்கே உங்களுக்குச் சொன்னனான்.

இப்ப அது கொட்டிலுக்குள்ளை நிக்குது. பக்கத்து வீட்டுக் கோழி சீற்றுக்குப் பின்னாலை முட்டையிட்டு, அடைகிடந்து, குஞ்சும் பொரிச்சுப் போட்டுது. குசினி யன்னலைத் திறந்தால் முதல் முழிக்கிறது உதிலைதான். என்னாலை ஏலாதப்பா. உது இஞ்சையிருந்து போனால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உடுப்பிட்டியிலையிருந்து ஒரு பெடியன் வந்தான். கலியாண வீடு, சாமத்திய வீடுகளுக்கு வாகனம் வாடகைக்கு விடுறவன். மாப்பிளை பொம்பிளையைத் திறந்த காரிலை இருத்திப் படம் எடுக்கிறதுதான் இப்ப எல்லாருக்கும் ஆசையாம். தன்ரை மனிசியையும் கூட்டிக்கொண்டு வந்தான், புதுசாய்க் கலியாணம் முடிச்ச சோடி. உங்கடை தம்பி விடியவே வந்து நிண்டு எனக்குப் பாடம் எடுத்தார்.

"மச்சாள், கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. அண்ணை உதுக்குள்ளைதான் செத்தவர் எண்டு வாயே திறக்கப்படாது. சாவு விழுந்த காரிலை ஆர் பொம்பிளையை ஏத்துவினம்? கதவையும் விடுங்கோ. கொஞ்சம் இறுக்கம் எண்டு சொன்னாக் காணும்."

பெடியன் வடிவாய்த்தான் கேட்டான். "அன்ரி, என்னென்ன குறையள் இருக்கு?" எண்டு. நான் கூரையிலையிருந்து தொடங்கினன். துணி கிழிஞ்சு, நீங்கள் தறப்பாள் துண்டு வைச்சுத் தைச்சது. அதை இழுத்து மூட ரெண்டு பேர் வேணும். தூர ஓடினால் சூடேறும், தண்ணிப் போத்தல் இல்லாமல் வெளிக்கிடேலாது. வலப் பக்கம் திருப்பினால் ஹோண் தானாய் அடிக்குது எண்டு நீங்கள் அந்த வயரை வெட்டி விட்டது. கண்ணாடி இறக்கிற கைபிடி கழண்டு காரின்ரை முன் லாச்சிக்குள்ளை கிடக்கிறது. எல்லாத்தையும் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னன். அவனும் சிரிச்சான். "இப்பிடி உள்ளதைச் சொல்லி விக்கிற ஆக்களை நான் காணேல்லை அன்ரி" எண்டான். உங்கடை தம்பி பெருமையாய்த் தலையாட்டினார். கதவுக் கதையை விட்டிட்டு நான் தேத்தண்ணி போடப் போனன்.

கூரை எப்பிடி மூடுது எண்டு பாக்க அவை ரெண்டு பேரும் இழுத்து மூடிச்சினம். அந்தப் பிள்ளை போய்ச் சாரதிச் சீற்றிலை ஏறி இருந்து கதவை அடிச்சுச் சாத்தினாள். நான் தேத்தண்ணி கொண்டு வாறன். உள்ளையிருந்து கண்ணாடியிலை தட்டிக் கேக்குது. கதவைத் திறக்கத் தெரியாமல், சிரிச்சுக்கொண்டுதான் தட்டினாள், பாவம்.

நான் ஓடின ஓட்டம்! தேத்தண்ணித் தட்டு எங்கை விழுந்தது எண்டே தெரியாது. வெளியாலை கதவை இழுத்துத் திறந்து அவளின்ரை கையைப் பிடிச்சு இழுத்தன். "இறங்கு பிள்ளை, இறங்கு, உதுக்குள்ளை இராதை!" எண்டு கத்தினன். பிறகு வீட்டு முத்தத்திலை நிண்டபடியே எல்லாத்தையும் சொன்னன். உங்கடை தம்பி நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

சாகிற அண்டைக்கு நீங்கள் அரியாலைக்குக் கூட்டாளி வீட்டை போட்டுத் திரும்பி வெளிக்கிடேக்கை மழை. அவைதான் பிடிச்சுக் கூரையை மூடி விட்டவை. வழியிலை நெஞ்சு நொந்து, ஒரு கடைக்கு முன்னாலை காரை ஓரங்கட்டியிருக்கிறியள். அந்தக் கதவு உள்ளாலை திறபடாது. எந்த நாளும் கண்ணாடிக்கு மேலாலை கையை விட்டு வெளிப்பிடியிலைதான் திறக்கிறனீங்கள். அண்டைக்கு மழைக்குக் கண்ணாடி முழுக்க மேலை நிண்டது, இறக்கிற கைபிடி லாச்சிக்குள்ளை. ஹோணும் இல்லை. மற்றப் பக்கத்தாலை இறங்கியிருக்கலாமே எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம். நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருக்கிற மனிசன் கியரைத் தாண்டி எப்பிடிப் போறது?

அந்தக் கடைக்காரர் செத்தவீட்டுக்கு வரேல்லை. எட்டாம் நாள் செலவுக்கும் வரேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சாப் பிறகு ஒரு நாள் வந்து வாசலிலை நிண்டார். "அம்மா, ஐயா கண்ணாடியிலை தட்டிக் கை காட்டினவர். அவர் எந்த நாளும் போகேக்கை கையாட்டுறவர்தானே. மழைக்கு நிக்கிறார் எண்டு நினைச்சு நானும் கையாட்டிப்போட்டு உள்ளை போட்டன்" எண்டு சொல்லித் தலையிலை அடிச்சு அழுதார். அவரிலை எனக்குக் கோபம் இல்லை. போற வாற சனம் முழுக்கக் கையாட்டுறது உங்கடை பழக்கம். நானெண்டாலும் திருப்பிக் கையாட்டித்தான் இருப்பன்.

எவ்வளவு நேரம் தட்டினியள்? என்னைக் கூப்பிட்டியளோ?

ஊர்ச் சனம் இண்டைக்கும் வந்து என்ரை கையைப் பிடிச்சு, "நோகாமல் போட்டார், புண்ணியம் செய்த மனிசன்" எண்டு சொல்லுதுகள். நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறன்.

பெடியனும் அந்தப் பிள்ளையும் வெளிக்கிட்டுப் போட்டினம். சரி, விட்டுது எண்டு நினைச்சன். அடுத்த நாள் போன் எடுத்தான். கார் வேணுமாம், ஆனா ரெண்டு விசயம் செய்து தர வேணுமாம். ஒண்டு, கதவைத் திருத்த வேணும்.

சந்திக் கராச்சுக்காரரைக் கூப்பிட்டன். கதவின்ரை உள் மட்டையைக் கழட்டினார். உள்ளுக்கை ஒரு கம்பி கொழுக்கியாலை கழண்டு கிடந்தது. அதைத் தூக்கிக் கொழுவினார். முடிஞ்சுது. அவருக்குப் போட்ட தேத்தண்ணி இன்னும் சுடச்சுட இருக்குது.

கோதாரி விழுந்த கதவு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கதவை உதைச்சன், காலிலை நகம் பேந்து போச்சு. "பிறகு பாப்பம், பிறகு பாப்பம்" எண்டு எத்தினை மாரியைப் போக்கினியள்? கூரைக்குத் தறப்பாள் தைக்க நேரம் இருந்தது. சக்கரம் மினுக்க நேரம் இருந்தது. உந்தக் கம்பியைக் கொழுவிறதுக்கு ஒராளைக் கூப்பிட உங்களுக்கு நேரம் இல்லை. என்ரை கோபம் கடைக்காரரிலை இல்லை, கடவுளிலையும் இல்லை. உங்களிலைதான். உங்களிலை மட்டும்தான். உதைச் சொல்லி அழுறதுக்கும் எனக்கு உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?

பெடியன் கேட்ட மற்றதையும் கேளுங்கோ. "அங்கிள் வீட்டிலை கதிரையிலை இருக்கேக்கை போனவர் எண்டு சொல்லுவம் அன்ரி. ஆர் விசாரிச்சாலும் அப்பிடியே சொல்லுங்கோ. எனக்கு உது தொழில்."

அவன் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு. கதவு இப்ப திறபடுது, ஏறுற ஒருத்தருக்கும் ஆபத்து இல்லை. உங்கடை தம்பி உடனையே ஓம் எண்டு போட்டார். நானும் ஓம் சொல்லத்தான் வாயெடுத்தன். ஏலேல்லை. கண்ணாடியிலை தட்டித் தட்டிச் செத்த மனிசனைத் தூக்கிக்கொண்டு வந்து, கதிரையிலை இருத்தி, நோகாமல் போனவர் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அண்டைக்கு ரோட்டாலை போன ஒருத்தருக்கும் உங்களைக் கேக்கேல்லை. இண்டைக்கு எனக்கும் கேக்கேல்லை எண்டு சொல்லவோ?

"தம்பி, வேண்டாம்" எண்டு போனை வைச்சிட்டன். உங்கடை தம்பி, "அப்ப உதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போனவர், இன்னும் இந்தப் பக்கம் வரேல்லை. திவசத்துக்காவது வருவாரோ தெரியாது. படையலுக்கு உங்களுக்குப் பிடிச்ச மரக்கறியள் எல்லாம் சொல்லி வைச்சிருக்கிறன்.

காரை நான் விப்பன். உதை வைச்சுப் பூசை செய்ய மாட்டன், அது உங்களுக்குச் சத்தியம். ஆனா இனி ஆர் வந்து குறை கேட்டாலும், முதல் நான்தான் ஏறி இருப்பன். கதவைச் சாத்திப்போட்டு, கண்ணாடியை மேலை ஏத்திப்போட்டு, உள்ளையிருந்து தட்டுவன். அவை வெளியாலை நிண்டு கேக்கட்டும். பிறகு இறங்கி, "என்ரை மனிசன் இப்பிடித்தான் தட்டினவர்" எண்டு சொல்லுவன். அதுக்குப் பிறகும் வேணும் எண்டு சொல்லுற ஆள் வரட்டும், கார்த் திறப்பைக் கையிலை குடுக்கிறன்.

உங்கடை மனிசி