ஒன்பது மீட்டர் அறுபது சென்டிமீட்டர்

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனதுக்கு எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். முதலில் முக்கியமான செய்தி. சென்ற புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு, வீட்டிலுள்ள இருவரும் நேரில் இருந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், உன் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருந்த கறுப்புக் கேபிளைச் சரிபாதியாக வெட்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்து, பத்து இருபத்தைந்துக்கு வெட்டிவிட்டோம். நீ கிளம்பும்போது இந்த அலமாரியில் ஒரு குண்டூசியைக்கூடத் தொடக் கூடாது என்று சொன்னது எங்களுக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவில் வைத்துக்கொண்டுதான் வெட்டினோம். அந்தச் சமயத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்தோம் என்பதால், ஒருமனதான தீர்மானம் முழுவதும் தலையசைப்பிலேயே நிறைவேறியது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், நடுநடுவே திருத்தம் சொல்வாள். கடிதத்தில் அந்த வசதி அவளுக்குக் கிடையாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் நான்கு நாள் விடாமல் மழை, டிவியும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. உன் அம்மா குடை தேடப் போய், நீயும் பெரியவனும் பள்ளிக்கூடத்து நாட்களில் கையில் வைத்து ஆடிக்கொண்டிருந்த இரண்டு வீடியோ கேம்களையும் எடுத்துக்கொண்டு வந்தாள். குடை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டிலும் அந்தத் தவளை ஆட்டம் இருந்தது. மறந்திருப்பாய், முப்பத்தாறு தாமரை இலை, ஆளுக்கு ஆறு தவளையை இலைக்கடியில் ஒளித்து வைக்க வேண்டும், மாறி மாறி ஒவ்வொரு இலையாகத் தட்டி, எதிராளியின் ஆறையும் முதலில் கண்டுபிடிப்பவர் ஜெயித்தவர். அகப்பட்ட தவளை ஒரு சத்தம் போடும், அதைக் கேட்டு உன் அம்மா முதல் நாள் சமையலறையில் ஏதோ புகுந்துவிட்டது என்று எழுந்து போனாள். இரண்டு பெட்டிகளின் அடிப்பக்கத்திலும் கூடுதல் சாமான்கள் மாட்ட ஒரு தட்டையான துளை இருக்கிறதே, அந்த இரண்டு துளைகளையும் உன் கறுப்புக் கேபிள் இணைக்கும். கேபிளின் நீளம் அறுபது சென்டிமீட்டர். ஆகவே அம்மா சோபாவில், ஷோகேஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள், நான் எதிரே ஸ்டூலில், முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி. கண்ணுக்கு உறுத்துகிறது என்று கூடத்து விளக்கை நான் அணைத்துவிடுவேன். இப்படி ஆடிய இருபத்திரண்டு ஆட்டங்களில் பத்தொன்பது நான் ஜெயித்தேன்.

இருபத்து மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மாலை, உன் அம்மா பெட்டியை மடியில் வைத்துவிட்டு, "நீங்க பாக்குறீங்க" என்றாள். நான் எதை என்றேன். "என் தவளைய. எப்படின்னு தெரியல, ஆனா பாக்குறீங்க" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். முப்பத்தொரு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன் நான், ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் தராசையும் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன், என்னை ஒருவர் சந்தேகப்பட்டதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு அவளுடைய பெட்டியின் முதுகுதானே தெரியும், நான் எழுந்தேனா, குனிந்தேனா, எட்டிப் பார்த்தேனா, கழுத்தையாவது திருப்பினேனா என்று வரிசையாகக் கேட்டேன். அதற்கு அவள், "கழுத்து திரும்பல. அதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்கு" என்றாள். பிறகு தீர்ப்பும் சொன்னாள். "வேற ரூம்ல உக்காந்து ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டுங்க. நானே மன்னிப்புக் கேக்குறேன். அதுவரைக்கும் என்கிட்ட பேச வேணாம்." அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு மேஜைமேல் வந்தது, சொல் ஒன்றும் வரவில்லை. பெரியவனுக்குப் போன் போட்டேன், அவன் "ரெண்டு பேரும் கொஞ்சம் பெரியவங்களா நடந்துக்கங்கப்பா" என்றான். அவன் நிறைய வேலையில் இருக்கிறான் போல.

வேறு அறையில் உட்கார வேண்டுமானால் நீளமான கேபிள் வேண்டும். திங்கட்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரரிடம் போனேன், அவருடைய தராசுக்கு ஒரு காலத்தில் நான் முத்திரை போட்டவன், அப்போது அவர் மளிகைக்கடை வைத்திருந்தார். உன் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இந்த மாடல் நின்னு பதினஞ்சு வருஷமாச்சு. இந்த பிளக்கு தனியா எங்கயும் கிடைக்காது. இதையே நடுவுல வெட்டி, இடையில வேற ஒயரைப் போட்டாதான் உண்டு. வெட்டிட்டா வெட்டினதுதான், வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். வீட்டில் ஒரு வார்த்தைதானே கிடைக்கவில்லை. அதனால்தான் மேலே சொன்ன தலையசைப்பு.

பரண்மேல் பழைய டெலிபோன் ஒயர் சுருளாகக் கிடந்தது, உள்ளே நான்கு நரம்பு. அதிலிருந்து ஒன்பது மீட்டர் எடுத்தேன். அதோடு உன் கேபிளின் இரண்டு பாதிகளையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது மீட்டர் அறுபது சென்டிமீட்டர், இரண்டு தடவை அளந்தேன். பாதிக் கேபிள்களின் முனையை உரித்து, எந்த நரம்பு பிளக்கின் எந்தக் காலுக்குப் போகிறது என்று பாட்டரியும் சின்ன பல்பும் வைத்துப் பார்த்து, கால்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண் கொடுத்து, இந்தப் பக்கத்து ஒன்றை அந்தப் பக்கத்து ஒன்றோடும் இரண்டை இரண்டோடும் முறுக்கிச் சேர்த்தேன். இதைவிட நேர்மையாக ஒரு கேபிளைச் செய்ய முடியாது. மாட்டிப் பார்த்தால், திரையில் 'எதிராளி இல்லை' என்று வந்தது. உன் அம்மா அதை வாய்விட்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தாள். பிறகு தொலைபேசித் துறையில் கேபிள் இணைப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்குப் பொறுக்க முடியவில்லை. விரதத்தை முறித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் பேசுற ஒயரு அந்தப் பக்கம் கேக்குற காலுக்குப் போகணும். நீங்க ரெண்டு வாயையும் ஒண்ணாச் சேத்துக் கட்டி வச்சிருக்கீங்க. நம்ம வீடு மாதிரி" என்றாள். ரிட்டயர் ஆனபோது கொண்டுவந்த சால்டரிங் அயனை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துச் சூடாக்கி, இரண்டையும் மூன்றையும் மாற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். ஒயரை நான் பிடித்துக்கொண்டேன். "பிடிங்க. ஆடாதீங்க. மூச்சு விடாதீங்க. எம்மேல விடாதீங்கன்னேன்." இவை தொழில்நுட்பக் குறிப்புகள், பேச்சில் சேராது என்று அவளே விளக்கினாள்.

புதன் மாலை நான் படுக்கையறையில், அவள் சமையலறையில். 'எதிராளி இல்லை.' கடைக்காரரிடம் கேட்டதற்கு, "நீளம் கூடினா சிக்னல் படுத்துரும் சார், குறைச்சுப் பாருங்க" என்றார். மறுநாள் ஆறு மீட்டராக்கினோம், நான் குளியலறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டேன், பலன் இல்லை. வெள்ளிக்கிழமை நான்கு மீட்டர். நான் சாப்பாட்டு மேஜையில் சுவரைப் பார்த்து, அவள் எனக்குப் பின்னால் சோபாவில். அன்று கேபிள் வேலை செய்தது. ஆட்டத்தின் நடுவில் ஒரு தடவை மட்டும் திரை உறைந்து நின்று, தானே சரியானது. அவள் என்னுடைய ஆறு தவளைகளையும் கண்டுபிடித்தபோது நான் ஒன்றையும் கண்டுபிடித்திருக்கவில்லை. அளவுகளில் அனுபவம் உள்ளவன் என்ற முறையில், இந்த நீளம் நம்பத் தகுந்ததல்ல, இதில் வரும் முடிவு செல்லாது, இன்னும் குறைத்தாக வேண்டும் என்று மிகுந்த வருத்தத்தோடு பரிந்துரைத்தேன். "நல்லாத்தானே வேலை செய்யுது" என்றாள். உறைந்து நின்றதைச் சுட்டிக் காட்டினேன். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அயனைச் சூடாக்கினாள். ஒவ்வொரு குறைப்புக்கும் நான்கு நரம்பையும் புதிதாகப் பற்றவைக்க வேண்டும், ஒயர் மெல்லியது, இரண்டு பேர் தலையும் ஒரே பூதக்கண்ணாடிக்குக் கீழே இருக்க வேண்டும், ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் தொழில்நுட்பக் குறிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி, தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது, மாடிப்படி பல்பு, நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்பது வரை வந்திருந்தன.

சனிக்கிழமை கேபிளின் நீளம் ஒரு மீட்டர் இருபது. நான் ஸ்டூலுக்குத் திரும்பினேன், அம்மா சோபாவுக்கு, விளக்கை அணைத்தேன். முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். வேறு அறையில் உட்கார்ந்து ஜெயித்தது இல்லை என்பதால் மன்னிப்பு கிடைக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் நான் வலது ஓரத்து இலைகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தட்டினேன், ஆறு. ஒன்றிலும் தவளை இல்லை. நாலைந்து நாளாகப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, வேறொன்றுமில்லை. உன் அம்மா தன்னுடைய ஆறு தவளைகளையும் இடது ஓரத்தில் ஒரே வரிசையாக வைத்திருந்தாள். என் ஆறு காலி இலைகளைப் பார்த்தாள், தன் ஆறு தவளைகளைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். ஷோகேஸ் கண்ணாடியில், பெரியவன் வாங்கிய கேடயத்துக்கும் உன் கோப்பைக்கும் நடுவில், அவளுடைய திரை இடம் வலமாக மாறிப் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது.

நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன் என்பதை இப்போதும் சொல்கிறேன். எழவில்லை, குனியவில்லை, கழுத்தைத் திருப்பவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. உன் அம்மா, "முப்பத்தொரு வருஷம் தராசைப் பாத்தவரு!" என்றாள், அதற்கு மேல் பேச முடியாமல் சிரித்தாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள், "அதுக்குத்தானா லைட்டை அணைச்சீங்க, திருட்டு மனுஷா" என்று மறுபடியும் ஆரம்பித்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் கேட்ட சத்தம் என்பதால் நான் ஆட்சேபிக்கவில்லை. சிரித்து முடித்ததும் எழுந்து போய், நீலக்கோடு போட்ட படுக்கை விரிப்பை எடுத்து வந்து ஷோகேஸ்மேல் தொங்கவிட்டாள்.

நீ தோள்வலி என்று சொன்னாயே, குனிந்து கம்ப்யூட்டர் பார்ப்பதுதான் காரணம், நிமிர்ந்து உட்கார்ந்து பழகு. நின்றுகொண்டே சாப்பிடாதே. போனைத் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடாதே. அலமாரி விஷயமாக அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே, வெட்டியது அவள் கைதான் என்றாலும் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தது நான். அந்தப் பக்கம் பழைய சாமான் கடை எதிலாவது இந்தத் தட்டை பிளக் கண்ணில் பட்டால் இரண்டு வாங்கி வை. எங்கே இருந்தாலும் நல்லபடியாக, நோய் நொடி இல்லாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசியும்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா

பி.கு.: விரிப்பு தொங்கிய பிறகு ஒன்பது ஆட்டம் ஆடியிருக்கிறோம். ஒன்பதும் அம்மா ஜெயித்தாள்.