ரேடியேட்டர் மாற்ற என்ன ஆகும், மாப்பிள்ளை?

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு டைலரம்மா எழுதுவது.

நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளாமல் வேறு வழியில்லை, நீங்கள் எழுதி ஒரு மழைக்காலமே போய்விட்டது. நடுவில் போனில் கூப்பிட்டீர்களாம். இந்தக் காதுக்குப் போன் வெறும் இரைச்சல். கடுதாசி போட்டால் டைலரம்மா மிஷினை நிறுத்திவிட்டு உரக்கப் படிப்பாள். தெருவுக்கே கேட்கும், எனக்கும் கேட்கும்.

விஷயம் பாப்பாவின் கார்தான். அவள் போய் வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. பெற்றவன் நான் இங்கே, கட்டினவர் நீங்கள் அங்கே, அவள் வாங்கின கார் ஷெட்டில். அந்த ஷெட் தரையெல்லாம் இப்போது பச்சைத் தண்ணீர். ஆயுசு முழுக்கச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவனுக்குப் பச்சையில் எது எது என்று தெரியும். இது ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அடிப்போமே, அந்தப் பச்சை. முன்பக்கத்திலிருந்து சொட்டுகிறது.

முனைக்கடை மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினேன். வேலை செய்யும்போது விசில் அடித்துக்கொண்டே இருப்பாரே, அந்த விசில்காரர்தான். முன்மூடியைத் தூக்கி உள்ளே தலையை விட்டதும் விசில் நின்றுவிட்டது. "ரேடியேட்டர் போச்சு பெரியவரே, மாத்தணும்" என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு ஒரு தொகை சொன்னார். "ஏங்க, ரேடியேட்டருக்கு மட்டுமா, வண்டியையும் சேத்தா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நீங்கள் இருப்பது பார்ட்ஸ் கடையில். நியாயமான விலை என்ன, எப்படிக் கேட்க வேண்டும், எழுதுங்கள். நீங்கள் வரும்போது வண்டி தயாராக இருக்க வேண்டும். "ஒரு இடம் பாத்துட்டு வந்து எடுத்துக்கறேன் மாமா, அதுவரைக்கும் அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைங்க"ன்னு சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று நீங்கள் போட்டிருந்தது நீலச் சட்டை, மேல் பட்டன் இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, சாவி திருகத் தெரியும். ஒரு நாளும் தவறவில்லை. காலையில் முகம் கழுவியதும் போய் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணிவிடுவேன். டீ ஆறுகிறவரை ஓடும். தண்ணீர் குறைந்தால் குழாயில் பிடித்து ஊற்றுகிறேன்.

எப்போது வருகிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் மாமா
(கைநாட்டு)


பிப்ரவரி 20

அன்பு மாமாவுக்கு,

வணக்கம். முதலில் அவசரமானது. தினமும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள் மாமா. பேட்டரி செத்துவிடக் கூடாதே என்றுதான் எப்போதாவது ஒரு தடவை என்று சொன்னேன். ஓடுகிற வண்டியில் இன்ஜினைக் குளிர வைக்கும் வேலையில் பாதியை எதிர்க்காற்றே செய்துவிடும். நின்ற இடத்தில் ஃபேன் ஒன்றுதான் கதி, அதுவும் நம் வண்டியில் பழசு. குழாய்த் தண்ணீரும் வேண்டாம், உப்புப் படிந்து உள்ளே துருப்பிடிக்கும். வண்டி சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

இனி விலை. கார் கம்பெனியின் ஒரிஜினல் என் மாதச் சம்பளத்தில் பாதியை விழுங்கும். வேறு கம்பெனி செய்தது அதில் பாதிக்குக் கிடைக்கும், நமக்கு அது போதும். உடைத்த வண்டியில் கழற்றினது இன்னும் மலிவு, ஆனால் சீக்கிரமே அதுவும் சொட்டும். கூலி அரை நாள் வேலைக்கு உள்ளதுதான், முழு நாளுக்குக் கேட்டால் பேசிக் குறையுங்கள். கூலண்ட், அதாவது அந்தப் பச்சைத் தண்ணீர், தனி. ரப்பர் ஹோஸையும் தெர்மோஸ்டாட்டையும் கையோடு மாற்றிவிட்டால் பின்னால் இன்னொரு கூலி மிச்சம். விசில்காரர் மொத்தமாகச் சொன்னால் எதெதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கழற்றின பழசை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். சூட்டில் இன்ஜினே அடிபட்டிருந்தால் மட்டும் கதை வேறு.

ஆனால் இத்தனையும் அந்த வண்டிக்கு வேண்டுமா மாமா? விற்றுவிடலாம். பழைய இரும்புக்காரரே வந்து இழுத்துப் போவார். எங்கே கையெழுத்து வேண்டுமோ போட்டு அனுப்புகிறேன்.

இன்னொன்று. அன்று போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். போன மாதம் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எங்கள் கடைக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஆடம்பரம் ஒன்றும் இல்லை, ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துதான். பாப்பாவைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். உங்களிடம் எந்த வாயால் சொல்வது என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

கீழே என்னவென்று கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.


மார்ச் 1

ஐயா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. டைலரம்மா விலை விவரமெல்லாம் படித்துவிட்டு, "அவ்ளோதான், உடம்பைப் பாத்துக்கங்கன்னு முடிச்சிருக்கார்" என்று மடித்தாள். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கண் தெரியும். "ரெண்டு பக்கமும் மை இருக்கு. நீ பேப்பரைத் திருப்பவே இல்லையே?" என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தாள்.

நல்லது. நன்றாக இருங்கள். சின்ன வயசு, எத்தனை நாள் தனியாக இருப்பீர்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கூப்பிடக்கூட வேண்டாம், ஒரு வரி போட்டிருக்கலாம். ஷெட்டில் தண்ணீர் சொட்டியதால் எனக்கு விஷயம் தெரிந்தது. சொட்டாமல் இருந்திருந்தால்?

வண்டியை விற்க மாட்டேன். பாப்பா தன் சம்பளத்தில் வாங்கினது. கொண்டு வந்த அன்று ஹார்ன் அடித்துத் தெருவையே வெளியே வரவைத்தாள். நான் ஏணியில் நின்று மாடி வீட்டுக்காரர் சுவருக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, இறங்கு, ஒரு ரவுண்டு போலாம்!" "இந்தச் சுவரை முடிச்சுட்டு வரேன் இரு." "சுவர் எங்கயும் ஓடாது, வண்டி ஓடும். வா!" பெயிண்ட் கையோடுதான் ஏறினேன். கதவில் அந்த மஞ்சள் இன்னும் இருக்கிறது. அதையா இரும்புக்காரனுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?

நீங்கள் வருவீர்கள், வந்தால் வீட்டில் ஒரு வேளை உட்காருவீர்கள் என்றுதான் அதை ஓட வைத்துக்கொண்டிருந்தேன். இனி வர வேண்டாம். பதிலும் வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

(ஓரத்தில்: டைலரம்மா எழுதுவது. அவருக்குத் தெரியாமல் சேர்க்கிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சூட்டோடு மூடியைத் திறந்துவிட்டார். கை வெந்து, விரல் நுனிவரை கட்டுப் போட்டிருக்கிறது. இந்தத் தடவை கைநாட்டு இல்லாதது அதனால்தான், கோபத்தால் மட்டும் இல்லை.)


மார்ச் 9

மாமாவுக்கு,

பதில் வேண்டாம் என்றீர்கள். கை எப்படி இருக்கிறது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. டைலரம்மாவைத் திட்டாதீர்கள்.

ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலண்ட் எல்லாம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வேலை பார்க்கிறவர்களுக்குக் கடையில் விலை குறைவு. விசில்காரருக்குக் கூலி மட்டும் கொடுத்தால் போதும். வேண்டாம் என்று தோன்றினால் திருப்பி அனுப்பிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

விற்கச் சொன்னது வண்டி பழசு என்பதால் இல்லை மாமா. கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவள் படுத்துக்கொள்ள முன்சீட்டைச் சாய்த்துவிட்டேன். அது இன்னும் அப்படியே சாய்ந்திருக்கும். நீங்கள் நிமிர்த்தியிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஜன்னலைத் திற, மூடு, திற என்று வழியெல்லாம் என்னை வேலை வாங்கிக்கொண்டே வந்தாள். திரும்பும்போது சீட் காலி. அதன் பக்கத்தில் உட்கார்ந்து இனி என்னால் ஓட்ட முடியாது. இன்னொருத்தியை அதில் உட்காரச் சொல்லவும் வாய் வராது. வண்டிக்குப் பயந்துகொண்டு உங்கள் வாசலுக்கும் வராமல் இருந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "உங்க மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

கைக்கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


மார்ச் 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பார்சல் வந்தது. பிரிக்காமல் வாசலிலேயே போட்டு வைத்திருந்தேன். டைலரம்மா போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித் தாண்டி, கடைசியில் பொறுக்க முடியாமல், "அது என்ன பாவம் பண்ணிச்சு, வெயில்ல கிடக்கு? உள்ள எடுத்து வைங்க, இல்ல திருப்பி அனுப்புங்க" என்றாள். உள்ளே எடுத்து வைத்தேன்.

விசில்காரரிடம் நீங்கள் சொன்னபடி பிரித்துப் பிரித்துக் கேட்டேன். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். "என் மாப்பிள்ளை பார்ட்ஸ் கடையில இருக்கார்"ன்னேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. அரை நாள் கூலிதான் வாங்கினார். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லையாம், தப்பித்தோம் என்றார். பழசை என் கையில் கொடுத்தார். தகடு தகடாக உதிர்கிறது, உள்ளெல்லாம் துரு. தினமும் பார்த்துப் பார்த்து ஊற்றின தண்ணீர் இப்படிச் செய்திருக்கிறது.

ஓட்டிப் பார்த்தால்தான் சூடு ஏறுகிறதா என்று தெரியுமாம். "ஏறுங்க பெரியவரே" என்று முன்கதவைத் திறந்துவிட்டார். நான் பின்னால் உட்காருகிறேன் என்றேன். "பின்னாடி பூரா என் சாமான்" என்றார். ஏறினேன். சாய்ந்த சீட்டில் கிடந்தால் ரோடு தெரியவில்லை மாப்பிள்ளை. விளக்குக் கம்பங்களும் மரத்தின் தலைகளும் வானமும்தான் போகின்றன. என் பிள்ளை அன்று இதைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். பெரிய ரோடு வரும்வரை நானும் அப்படியே கிடந்தேன்.

அங்கே எதிர்வெயில். "எனக்குக் கண்ணு கூசுது, சூட்டு முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் விசில்காரர். படுத்திருந்தால் முள் தெரியாது. சீட்டின் பக்கத்தில் ஒரு பிடி இருக்கிறது, நல்ல கையால் இழுத்தேன். நிமிர்ந்துவிட்டது. அவ்வளவு லேசாக நிமிரும் என்று நான் நினைக்கவில்லை. முள் நடுவில் நின்றது, மேலே ஏறவில்லை. சொன்னேன். மனுஷன் விசில் அடிக்க ஆரம்பித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த சீட்டில் நான் உட்கார்ந்தாயிற்று. இனி யாரும் உட்காரலாம்.

வந்து வண்டியை எடுத்துப் போங்கள். அந்தப் பெண்ணையும் கூட்டி வாருங்கள். அவளைப் பார்க்கும்போது என் முகம் எப்படிப் போகும் என்று எனக்கே தெரியாது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். அவள் என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாள் என்று டைலரம்மாவைக் கேட்டேன். "அப்பான்னுதான். வேற முறை ஏது?" என்றாள். முதல் தடவை கூப்பிடும்போது என்னால் பதில் சொல்ல முடியாமல் போகலாம். இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா