வடக்குச் சுவரில் இருந்தவர்

மார்ஷ்விக்
ஞாயிறு மதியம், அக்டோபர்

அன்பு மகள் ஜோஸிக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் கிழக்குக் காற்று அடித்தால் முனகுகிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். உலகத்தின் தென்கோடியில் உங்கள் ஊரில் இப்போது வசந்தம் என்கிறாய், இருந்தாலும் அந்த மலைப்பாதையில் காலையில் பனி இருக்கும், ராத்திரி டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு கார் ஓட்டாதே, ஆஸ்பத்திரியிலேயே கொஞ்சம் படுத்துவிட்டுப் போ. இந்த வருஷம் நண்டு வரத்து சுமார், ஆப்பிள் மட்டும் கொள்ளாமல் காய்த்தது, ஜாம் போட்டுப் போட்டு பாட்டில் தீர்ந்துவிட்டது. போன வாரம் போனில் அம்மா ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்டாயே, சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, போனில் சொல்லக்கூடியதாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பிப்ரவரிப் புயலில் நம் கோயிலின் வடக்குப் பக்கத்துக் கூரைத்தகடு கொஞ்சம் பெயர்ந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா. தண்ணீர் உள்ளே இறங்கி, கமிட்டிக்காரர்கள் சில வருஷத்துக்கு முன் பளபளவென்று அடித்த வெள்ளைப் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. ஈஸ்டருக்கு முன்னால் நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது அதில் ஒரு பெரிய துண்டு என் காலடியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் ஒரு மீன். காவிச் சிவப்பில், செதிலோடு, வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. கமிட்டித் தலைவர் கதர்கோல் கிழவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தெல்மா, அது ஈரக்கறை. எங்க வீட்டுக் குளியலறையில இதைவிட நல்ல மீன் இருக்கு" என்றார். நான் விடவில்லை, நாரிச் நகரத்திலிருந்து பழைய சுவர்ச் சித்திரங்களைச் சரிபண்ணுகிற பெண்ணை வரவழைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். ரொவீனா என்று பெயர், உன் வயதுதான் இருக்கும், ஆம்பிளைச் சட்டை, வாயில் எந்நேரமும் பெப்பர்மின்ட். மீனைப் பார்த்ததும் அவள் உளியை எடுத்தாள். பக்கத்தில் இன்னும் கொஞ்சம் சுரண்டினாள், ஒரு பாதம் வந்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருக்கும் அந்தப் பாதம். "தெல்மா அம்மா, இவரு கூரை வரைக்கும் போவாரு" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தையாய் வந்த ஆண்டவரைத் தோளில் வைத்து ஆற்றைக் கடக்கிற புனிதர் கிறிஸ்தோபர்தான் அது. அறுநூறு வருஷத்துக்கு முன் வரைந்தது, பிறகு படமே கூடாது என்று ராஜாவின் உத்தரவு வந்தபோது சுண்ணாம்பு அடித்து மூடியிருக்கிறார்கள், அதற்கு மேல் சுண்ணாம்பு, அதற்கும் மேல் சுண்ணாம்பு, வெங்காயம் மாதிரி. கோடை முழுக்க ரொவீனா சாரம் கட்டி உரித்தாள். நான் தினமும் டீ கொண்டுபோவேன், அப்படியே சாரத்தில் ஏற்றிவிட்டாள். ஜோஸி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கோயிலைப் பெருக்குகிறேன், அதை நான் பார்த்ததே இல்லை என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. கூரை உத்திரங்கள் முகத்துக்கு நேரே வருகின்றன, எங்கும் ஓர் இரும்பாணி கிடையாது, எல்லாம் மர முளை, தச்சன் வாச்சியால் செதுக்கிய வடு நேற்றுப் பட்டது போல இருக்கிறது, கையை வைத்தால் அந்த ஆளின் கை தட்டுப்படுகிறது. கோபுரம் ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டேன், மூலை கட்டச் சதுரக் கல் வேண்டுமே, நம் கரையில் சக்கிமுக்கிக் கல்லைத் தவிர என்ன இருக்கிறது என்றாள். இருந்ததை வைத்து, கரையில் பொறுக்கிய உருண்டைக் கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கி, இத்தனை நூற்றாண்டு நிற்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். தெற்கு வாசல் தூணில் நீயும் அண்ணன் ரூபனும் விரலை விட்டு விளையாடுவீர்களே நீளப் பள்ளங்கள், அவை படகுக்குப் போகிறவர்கள் கத்தி தீட்டிய தடமாக இருக்கலாமாம். போகிறபோது வாசலில் நின்று உள்ளே பார்ப்பார்களாம், கிறிஸ்தோபர் முகத்தைப் பார்த்தவனுக்கு அன்றைக்குச் சாவு இல்லை என்று நம்பிக்கை. அதைக் கேட்டதும் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். நம் ரூபனும் கடைசிக் காலையில் கோயில் வழியாகத்தான் படகுக்குப் போனான், சுவர் வெறும் வெள்ளையாக இருந்தது.

இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும். கணுக்கால், முழங்கால், சிவப்பு அங்கி, தடியைப் பிடித்த கை என்று மேலே போய், முகம் வரவேண்டிய இடத்தில் உன் அண்ணனின் நினைவுக்கல் இருந்தது. ரொவீனா உளியைக் கீழே வைத்துவிட்டாள். கமிட்டி கூடியது. கழற்றலாம் என்றார்கள் சிலர், கதர்கோல் கிழவர்தான் மேசையைத் தட்டி, "அறுநூறு வருசத்து ஆளுக்காக நம்ம பையனைக் கழட்டுவீங்களா? அவனுக்கு வேற எடம் ஏது?" என்றார். அந்தக் கிழவரை நான் இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தேன். அப்பா கடைசி வரிசையில் எழுந்து நின்று, "உடம்பு கிடைக்கல. எங்களுக்கு இருக்கறது அந்தக் கல்லு ஒண்ணுதான். தொடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ரொவீனா என்னிடம் வந்து, "பரவால்ல அம்மா. இவ்வளவு காலம் காத்திருந்தவரு, இன்னும் இருப்பாரு" என்றாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, பெற்ற பிள்ளையின் கல்லை நகர்த்தச் சொல்லி எப்படிக் கேட்பது, வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, தோட்டத்து வேலியைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில் ஒருநாள் என் டீக்கூடையை அவரே வாங்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார், நான் பின்னாலேயே போனேன். உள்ளே வராமல் வாசல்படியில் நின்று, "ஏம்மா, இவ்வளவு பெரிய கோயில்ல அந்தப் படம் போட்டவனுக்கு வேற சுவரே கிடைக்கலயா? என் பையன் இருக்கற எடத்துலதான் வரையணுமா?" என்று கேட்டார். ரொவீனா இறங்கிவந்து அவர் பக்கத்தில் நின்றாள். "நீங்க ஏன் கல்லை அங்க வச்சீங்க?" என்றாள். "வாசல்ல கால் வைக்கறவன் முதல்ல என் பிள்ளையைத்தான் பாக்கணும். அதுக்கு அதான் எடம். கோயில் முழுக்க நடந்து பாத்துத்தான் வச்சேன்" என்றார் அப்பா. "அவனும் நடந்து பாத்திருப்பான்" என்றாள் அவள், அவ்வளவுதான். பிறகு டீயைக் குடிக்காமலே வீட்டுக்குப் போய் ஸ்பேனர் பையோடு திரும்பிவந்தார். முழங்கால் வலியோடு சாரத்தில் ஏறி, தான் முடுக்கிய திருகாணிகளைத் தானே கழற்றினார். கல்லைக் குழந்தையைத் தூக்குவது போல் மார்போடு அணைத்து இறக்கினார்கள் அவரும் ரொவீனாவும், நான் என் கோட்டை விரித்து அதன்மேல் படுக்கவைத்தேன்.

அப்பா கல்லை வைத்தது அந்த வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அல்லவா. சுவரில் மற்ற இடங்களில் பெயிண்ட் உரியும்போது சித்திரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது, இடுப்பும் தோளும் பாதிக்குமேல் இல்லை. கல்லுக்குப் பின்னால் மட்டும் பெயிண்ட் போகவே இல்லை, பழைய சுண்ணாம்பு அப்படியே தயிராடை மாதிரி இருந்தது. ரொவீனா தொட்டுப் பார்த்து, "ரோலண்ட் ஐயா, இதை நீங்கதான் காப்பாத்தி வச்சிருக்கீங்க" என்றாள், அவள் குரலே மாறிவிட்டது. அதற்குப் பிறகு அப்பா தினமும் பிளாஸ்கோடு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். முதலில் தாடி வந்தது, பிறகு வாய், பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்த மூக்கு. சாமிப் படத்து முகமே இல்லை, ஜோஸி. நம் கரையில் வலை இழுக்கிற எவனோ ஒருவனை நிற்கவைத்துப் பார்த்து வரைந்திருக்கிறான், காற்றில் வெடித்த உதடுகூடத் தெரிகிறது. கண்கள் நம்மைப் பார்க்கவில்லை, தோள்மேல் இருக்கிற குழந்தையை ஏறிட்டுப் பார்க்கின்றன, இவ்வளவு சின்னது எப்படி இப்படிக் கனக்கிறது என்று கேட்கிற மாதிரி. வண்ணம் நேற்று காய்ந்தது போல. சாரத்தில் அந்த முகத்துக்கு எதிரே நின்றபோது எனக்கு ஜெபம்கூட வரவில்லை, கூரையும் கோபுரமும் கடலும் எல்லாம் அந்த முகத்துக்காகவே இத்தனை காலம் சத்தம் போடாமல் இருந்தன என்று தோன்றியது. குழந்தையின் முகம் போய்விட்டது, அது கல்லின் விளிம்புக்கு மேலே இருந்தது, பெயிண்ட் அதைத் தின்றுவிட்டது. கைமட்டும் கல்லுக்குள் அகப்பட்டதால் தப்பியது. சின்னக் கை, அவர் நெற்றி முடியைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது, முடி இழுபட்டு நெற்றித்தோல் சுருங்கியிருப்பதைக்கூட அந்த மனுஷன் வரைந்திருக்கிறான்.

அப்பா ஏறிவந்து அதை வெகுநேரம் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எவ்வளவு அழுத்திப் பிடிச்சிருக்கான் பாரு தெல்மா" என்றார். பிறகு தன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "வலிக்கும். ஆனா எடுன்னு சொல்லத் தோணாது" என்றார். கடலிலிருந்து அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அழாத மனுஷன், சாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு அழுதார். ரொவீனா சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

ரூபனின் கல் இப்போது நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, தினமும் துடைக்கிறேன். தெற்குச் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில், அந்த முகத்துக்கு நேர் எதிரே வைக்கலாம் என்கிறார் அப்பா. உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படாதே என்றேன். "வர்றவங்க பாக்காட்டிப் போறாங்க. அவர் அவனைப் பாத்துக்கட்டும்" என்றார். ஆனால் உன்னைக் கேட்காமல் வைக்கமாட்டாராம், அவனுக்குத் தங்கை நீ ஒருத்திதானே. உன் மனசில் இருப்பதை எழுது, வேண்டாம் என்றாலும் எழுது, அப்பா கோபிக்கமாட்டார்.

கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் வைக்காமல் போட்டுக்கொள். மாப்பிள்ளையிடம் இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் வீட்டில் சமாதானம் தருவாராக. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நானும் முத்தம் கொடுத்ததாக எழுது என்கிறார், எழுதிவிட்டேன்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும் அம்மா,
தெல்மா லார்ட்டர்