கடைசி மூன்று வாரங்கள்

வெள்ளவத்தை
14.09.2025

பாயிஸுக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தொலைபேசியில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை; வட்ஸ்அப்பில் எழுதினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். கடிதத்தையாவது உறை கிழித்துப் படிப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் நலம் விசாரிக்க மனம் வரவில்லை. உன் மனைவி பைறோஸாவின் முழங்கால் வலி எப்படி என்று மட்டும் அறிய ஆசை.

பதினொரு வருடம் உங்கள் கழகத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி கொடுத்தேன். ஆண்டு மலரில் எல்லோருடைய படமும் முன்பக்கத்தில் வந்தது; என்னுடையது குளோரின் விளம்பரத்துக்குக் கீழே. அதையும் விழுங்கினேன். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை மட்டும் விழுங்க முடியவில்லை.

தெரிவுப் போட்டிக்காக உன் மகள் அர்பாவின் பருவம் முழுவதையும் ஜனவரியிலேயே திட்டமிட்டேன். முதலில் நீண்ட தூரம். நோன்பு மாதத்தில் கை கால் அசைவைத் திருத்துவது மட்டும். பெருநாளுக்குப் பிறகு உயிர் போகிற உழைப்பு. கடைசி மூன்று வாரங்கள் படிப்படியாகக் குறைப்பு. மாதக்கணக்கில் உடம்பில் சேர்ந்த களைப்பு அப்போதுதான் வடியும். வேகம் அதன் பிறகுதான் மேலே வரும். இது உனக்கும் தெரியும்.

அந்த வாரங்களில் பிள்ளைகள் வழக்கத்தைவிட நேரத்தோடு கரையேறியதைப் பார்த்து, ஒரு பையனின் தாய் றஸ்மியா கரையோர வாங்கில் உட்கார்ந்தபடியே, "எங்கட புள்ளைகள் நீந்த வந்தா, மெதக்க வந்தா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டியூஷன் வகுப்பைக் கொஞ்சம் முன்னதாக விட்டாலே மாஸ்டர் ஏமாற்றுகிறார் என்று நினைக்கிற ஊர் இது. நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு, எனக்குத் தெரியாமல் அர்பாவைக் காலையில் வேறொரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய் முழு வேலை வாங்கினாய்.

போட்டியில் கடைசி நூறு மீற்றரில் அவள் கல்லாகிப்போனாள். தெரிவாகவில்லை. கழகச் செயலாளரான நீ கூட்டத்தில் எழுந்து, "சாந்தகுமார் சேர்தான் ரெஸ்ட் குடுத்துக் கெடுத்தாரு" என்றாய். என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மறுநாள் என் பையை எடுக்கக் கழகத்துக்கு வந்தபோது அர்பா வாசலில் நின்றாள். "அங்கிள், வாப்பா காலைல வேற பூலுக்குக் கூட்டிட்டுப் போன. உங்களுக்குச் சொல்ல வாணாம் எண்டு சொன்ன" என்று அழுதாள்.

கூட்டத்தைத் திரும்பக் கூட்டி நடந்ததைச் சொல். வேறொன்றும் கேட்கவில்லை.

சாந்தகுமார்

*

கொட்டாஞ்சேனை
23.09.2025

அன்பு மச்சான் சாந்தனுக்கு,

உன் கடிதத்தைப் பைறோஸாதான் முதலில் வாசித்தாள். முழங்கால் பரவாயில்லையாம். என்னோடு கதைப்பதைத்தான் நிறுத்திவிட்டாள்.

நீ எழுதியது எல்லாம் உண்மை. றஸ்மியா அப்படிக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. செயலாளரின் மகளே சும்மா வந்து போகிறாள் என்று கதை கட்டுவார்கள் அல்லவா? பிள்ளை தோற்ற பிறகு யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. நீ பக்கத்தில் இருந்தாய். இப்போது எழுந்து உண்மையைச் சொன்னால் கழகத்தில் என்னை யார் மதிப்பார்கள்?

அர்பா அதன் பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை. "சாந்தன் அங்கிள் ப்ளான் போட்டாத்தான் நீந்துவேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆகவே மச்சான், வீட்டிலிருந்தபடியே அடுத்த பருவத்துக்கு எழுதித் தா. என் பெயரைப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன். பெற்றோருக்குத் தெரியத் தேவையில்லை. எல்லாம் ஆறியதும் உன்னைத் திரும்ப எடுப்போம். பெரிய மனசு வை.

உன்
பாயிஸ்

*

வெள்ளவத்தை
02.10.2025

பாயிஸுக்கு,

"நீ பக்கத்தில் இருந்தாய்" என்று எழுதியிருக்கிறாய். நம்முடைய பழக்கத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது.

பெரிய மனசு என்னிடம் இல்லை. இருந்திருந்தால் அந்தக் குளோரின் விளம்பரத்தை எப்போதோ மறந்திருப்பேன்.

ஆனாலும் அர்பா கரையில் நிற்கிறாள் என்று வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வரும் வருடம் நோன்பு பெப்ரவரியிலேயே தொடங்குவதால் நீண்ட தூரத்தை இந்த மாதமே ஆரம்பிக்க வேண்டும். அவளுடைய இடது தோளைக் கவனி. களைத்தால் கையைக் குறுக்கே இழுப்பாள். வாயால் சொல்ல மாட்டாள். சொல்லாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை.

கடைசி மூன்று வாரங்களுக்கான பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. அதை நீ எழுத வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். நாளுக்கு நாள் குறைத்து, உன் கையாலேயே எழுதி, உன் பெயரைப் போட்டுப் பலகையில் ஒட்டு. றஸ்மியா வாங்கில் இருந்து கேட்கும்போது உன் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். வாப்பா இந்த முறை யாரைக் காட்டுவார் என்று அர்பா பார்த்துக்கொண்டிருப்பாள்.

என்னைத் திரும்ப எடுக்க வேண்டாம். கூப்பிட்டாலும் வர மாட்டேன்.

இதன் அடியில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். நண்பன் என்று எழுதக் கை வரவில்லை. பயிற்சியாளன் என்பதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். நீ கேட்டதே பெயரில்லாத வேலைதானே. கையெழுத்துப் போடாமல் இப்படியே உறையில் வைத்து ஒட்டி, காலையில் தபாலில் சேர்க்கிறேன்.