வளியில நிக்காதே

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்தில் அட்டை ஒட்டுகிற பெண்கள் இன்று முழுக்க போனில் ஒரே பாட்டைத்தான் போட்டார்கள். எங்க வீட்டுக்காரர் வாலிபத்தில் வைத்திருந்த ராக் குழுவின் பாட்டு. குழு மேடையே ஏறாமல் கலைந்து, அந்த ஒரே கேசட்டோடு சரி. இப்போது யாரோ பொடிசுகள் புதிதாகப் பாடி ஊரெல்லாம் பரவிவிட்டது. "அவர் பாடினதாமே! குடுத்து வச்சவங்கக்கா நீங்க." பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றுதான் உறுத்தல். புதுப் பையன் "வழியில நிக்காதே" என்று சுத்தமாகப் பாடுகிறான். நம் கேசட்டில் அப்படியா?

மார்ச் 5

கேட்டேன். "வளியில நிக்காதே." ஒவ்வொரு தடவையும் வளிதான்! கிட்டார் அலற அலற, காத்துல நிக்காதே, சளி பிடிக்கும் என்று அக்கறையாகச் சொல்கிற மாதிரி. பிழை திருத்துவதே என் பிழைப்பு. இத்தனை வருஷம் காதில் விழவில்லையே.

ஆனால் இவருக்கு ழ அழகாக வரும். டிவியில் யாராவது 'தமிள்' என்றால் எழுந்து நின்று திட்டுகிற ஆள்.

மார்ச் 7

சாப்பிடும்போது கேட்டேன். "ராக் பாட்டுல அதெல்லாம் ஒரு ஸ்டைல்மா" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

ஸ்டைலாம் ஸ்டைல்.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தன் வந்தார். அந்தக் குழுவில் டிரம்ஸ் அடித்தவர். "அண்ணி, வண்டி கீளே நிக்குது, மளை வந்துடும் போல."

கீளே. மளை. கேசட்டில் கேட்ட அதே ள. இவர் எதற்கு அவசரமாக டிவி சத்தத்தைக் கூட்டினார்?

அந்தக் குரலுக்காகத்தானே வீட்டில் அத்தனை சண்டை போட்டு இவரைக் கட்டிக்கிட்டேன்? அப்போ நான் யாரைக் கட்டிக்கிட்டேன்?

மார்ச் 12

சனிக்கிழமை மேடையில் பாட அந்தப் பொடிசுகள் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டுவிட்டார்! குளியலறையிலிருந்து கேட்கிறது: "வழி... சே... வளி... வளி..."

மார்ச் 14

நேராகவே கேட்டேன். "சொல்லுங்க, அது யாரு குரல்?"

உட்கார்ந்துவிட்டார். "தம்பியோடது. கேசட் கடையில நீ வந்து, பாடினது நீங்களான்னு கேட்டே. ஆமான்னு வாயில வந்துடுச்சு. நீ அப்படிச் சிரிச்சே. அப்புறம் எப்போ மாத்திச் சொல்றது?"

"அவருக்குத் தெரியுமா?"

"சொல்லிடாதேண்ணான்னு அவன்தான் சொன்னான்."

அண்ணனும் தம்பியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள்.

மார்ச் 15, சனி

மைக்கைப் பிடித்தார். "இதைப் பாடினது நான் இல்ல. என் தம்பி." இறங்கி வந்துவிட்டார்.

கொழுந்தனைத் தள்ளி மேலே ஏற்றினார்கள். குரல் கொஞ்சம் கரகரத்துவிட்டது, ஆனால் அதேதான். புதுப் பையனும் தன் ழ-வை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்து வளி என்றே கத்தினான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவர் அதைப் பார்த்துவிட்டார்.

மார்ச் 16

காலையிலிருந்து என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா... அவனைத்தான் கட்டியிருப்பியா?"

இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம்! வாய் வரைக்கும் வந்தது.

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டினார். நான் இரண்டு தட்டு எடுத்து வைத்து, சாப்பிட வாங்க என்றேன். வந்தார்.