பானுப்ரியாவின் வயது

விழுப்புரம்
18-9-2025

அன்புள்ள ஞானமதி,

போனில் கூப்பிட்டால் உன் குரலைக் கேட்டதும் சமாதானமாகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு உன்மேல் கோபம். கோபம்கூட இல்லை, பொறாமை. கல்லூரியில் ஒன்றாக ரிலே ஓடிய நாளிலிருந்து என்னை அறிந்தவளிடம் எதை மறைப்பது?

மாவட்டப் போட்டியில், பதினான்கு வயதுக்குட்பட்டோர் நானூறு மீட்டரில் ஜெயித்தது என் மாணவி பானுப்ரியா. கோப்பை எங்கள் தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. ஆனால் ஊரெல்லாம் உன் பேச்சு. நேற்று ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா சொல்கிறாள்: "திண்டிவனத்து பி.டி. மிஸ் இன்னா பண்ணாங்க தெரியுமா? அவங்க ஸ்கூல் பொண்ணுக்கு வயசு கூடன்னு அவங்களே பேரை அடிச்சிட்டாங்களாம்!" ஜெயித்தது யார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை.

உன் ஹர்ஷினி ஓடியிருந்தால் பானு இரண்டாவதுதான். அவள் பெயரை அடித்துவிட்டு நீ கேலரியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாய். ஜெயித்த எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. தோற்றவளுக்கு எப்படியடி பசித்தது?

உன்
தையல்நாயகி


திண்டிவனம்
24-9-2025

அன்புத் தையல்,

நீ பொறாமைப்பட இங்கே ஒன்றுமில்லை. ஹர்ஷினியின் அப்பா சாந்தனு எனக்கு அண்ணன் முறை. என் கல்யாணத்தில் அவள் கைக்குழந்தை. சான்றிதழில் பிறந்த தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று அன்று காலைதான் பார்த்தேன். "சொந்தக்காரப் பொண்ணுன்னுகூட பாக்கலியே, நீயெல்லாம் ஒரு அத்தையா?" என்று தெருவில் நின்று கேட்டாள் அண்ணி. பிள்ளை மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை.

பசித்தது உண்மை. தேதியைப் பார்த்த நேரத்திலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. பெயரை அடித்த பிறகு வயிறு தன் வேலையைப் பார்த்தது. அவ்வளவுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பானுவின் வயதும் எனக்குத் தெரியும். போன வருஷம் பயிற்சி முகாமில் அவளே சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்
ஞானமதி


விழுப்புரம்
29-9-2025

ஞானமதி,

தெரிந்தே என்னை மேடையேறவிட்டு, கீழே நின்று கைதட்டினாயா? உன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம், என் மாணவிக்கு ஒரு நியாயமா? அங்கேயே சொல்லியிருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். அந்தச் சுகத்தைக்கூட நீ எனக்குத் தரவில்லை.

ஆமாம், பானுவுக்குப் பதினைந்து. தெரிந்துதான் போட்டிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். நேற்று அவள் கேட்கிறாள்: "மிஸ், ஞானமதி மிஸ்கிட்ட இருந்திருந்தா அவங்க என்னை ஓட வுட்டிருக்க மாட்டாங்க இல்ல?" "போய் நாலு ரவுண்டு ஓடு" என்று விரட்டிவிட்டேன். நான் வளர்த்த பிள்ளையின் கண்ணிலும் நீதான் பெரியவள்.

இனி எழுதாதே.

தையல்நாயகி


விழுப்புரம்
17-10-2025

அன்புள்ள ஞானம்,

எழுதாதே என்றேன், நீயும் எழுதவில்லை. அதற்கும் எனக்கு எரிச்சல்.

போன வாரம் பானுவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "தப்பு பண்ணது நான், நீ இல்ல" என்றேன். அழுதாள். பிறகு, "கப்பைத் திருப்பிக் குடுத்துடலாம் மிஸ். செகண்ட் வந்த கெடார் ஸ்கூல் பொண்ணு பஸ்ஸ்டாண்டுல எதிர்ல வந்தாலே நான் தலையைக் குனிஞ்சிக்கினு போறேன்" என்றாள். எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது.

மறுநாளே போட்டி நடத்தியவர்களிடம் பானுவின் வயதை எழுதிக் கொடுத்தேன். கெடார் இளவரசிக்கு முதலிடம் போனது. எனக்கு மெமோ வந்தது. ஒரு வருஷம் எந்த அணியையும் அழைத்துப் போகக் கூடாது. தலைமையாசிரியர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "கம்முனு இருந்திருக்கலாம், இவளுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?" என்று ஆசிரியர் அறையில் என் காதுபடவே பேசுகிறார்கள். உன்னைப் புகழ்ந்ததுபோல் என்னை ஒருத்தரும் புகழவில்லை. எதிர்பார்த்தேன் என்பதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் நல்லவளாகிவிட்டேன் என்று எண்ணிவிடாதே. உன்னிடம் இருக்கும் அந்த நிம்மதி என்னிடம் இல்லையே என்ற பொறாமையில்தான் போட்டி அலுவலகப் படி ஏறினேன். பாராட்டி எழுதிவிடாதே, மறுபடி பொறாமை வந்துவிடும்.

கோப்பையை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது இளவரசியின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "எம்மாம் பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார். "அதெல்லாம் இல்லைங்க. அது உங்க பொண்ணோடது. நான்தான் லேட்டா குடுக்குறேன்" என்றேன். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். யாரைப் பற்றியும் நினைக்கவில்லை, ஞானம். உன்னைப் பற்றிக்கூட.

உன்
தையல்